குட்டை முனை

கடைசித் திரைச்சீலையின் கயிற்றை அவிழ்க்க அவள் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தபோது அப்பாவின் மூச்சு நின்றது. மூன்று நாளாக வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த இழுப்பு அது. ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடி அவள் அந்த அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "எட்டு நாப்பது" என்றான். மன்ற அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவன். அழுவதற்கு முன்னால் மணி பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகத்தோடு வந்த பழக்கம்.

"இறங்கு. விழுந்து வைக்கப் போறே."

"இது ஒண்ணுதான் பாக்கி."

"என்ன பண்றே அங்கே?"

"துவைக்கப் போடறேன்."

அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த ஊரில் சாவு வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஒருவர் சாகக் கிடந்தால் போதும், வீட்டுப் பெண்களுக்குத் துவைக்கிற வெறி பிடித்துவிடும். சன்னல் சீலை, கதவுச் சீலை, மெத்தை உறை எல்லாம் கயிறு அவிழ்ந்து தொட்டிக்குப் போகும். ஒருமுறை தலைமை மன்றத்திலிருந்து வந்த ஆய்வாளர், இவ்வூர் மக்கள் துக்கத்திலும் சுத்தம் பேணுகிறவர்கள் என்று அறிக்கையில் பாராட்டி எழுதிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த தலைமுறை ஒன்று உண்டு.

துவைப்பது சும்மா சாக்கு. காரியம் அவிழ்ப்பதில்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு முடிச்சு மிச்சமிருந்தாலும் போகிற உயிர் அதில் மாட்டிக்கொள்ளும் என்பது பழசு. அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். மன்றம் வந்து ஊர் கும்பிட்ட கல்லையும் மரத்தையும் அகற்றியபோது பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தை மக்கள் வெறுமனே பழசு என்று சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவும் வீட்டுக்குள்தான். வெளியே தெரிந்தால் இடுகாட்டில் இடம் கிடைக்காது, மன்றத்துச் சம்பளம் வாங்குகிறவர் என்றால் வேலையும் போகும். அவள் மன்றப் பள்ளியில் ஆசிரியை. என் வீட்டில் பழசு இல்லை என்று வருஷா வருஷம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பவள்.

மன்றத்தின் முறை நேரெதிர். வாழும்போது ஏழு ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்தவர், போகும்போதும் ஏழு கட்டோடு போக வேண்டும். உடம்பை வெள்ளைத்துணியில் சுற்றி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஏழு இடத்தில் நாடாவால் மன்றத்தின் குருவே முடிச்சுப் போடுவார். பழசு அவிழ் என்கிறது, மன்றம் கட்டு என்கிறது. ஊர் இரண்டையும் செய்தது. வீட்டையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆளை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு, எது பலித்ததோ என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சன்னலைப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. யார் செத்தாலும் அந்த அறையின் கண்ணாடி உள்பக்கமாக மங்கும். வெயில் காலம், மழைக் காலம் என்ற பேதம் கிடையாது. பாவம் ஆவியாகிறது என்று மன்றத்தின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அவளே அதைப் பாடம் நடத்தியிருக்கிறாள். ஆள் இன்னும் கிளம்பவில்லை என்று பழசு சொன்னது. எப்படியானாலும் உடம்பு வாசலைத் தாண்டுவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட வேண்டும்.

அம்மாவுக்குத் தெளியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது. புதைத்துவிட்டு வந்த பிறகும் ஒன்பது நாள் அந்தக் கண்ணாடி மங்கியே கிடந்தது. அப்பா துணியால் துடைப்பார், மறுநிமிடம் மூடிக்கொள்ளும். பிறகு துடைப்பதை விட்டுவிட்டு, அந்த அறையிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியோடு பேச ஆரம்பித்தார். கிடங்கில் இன்று எத்தனை மூட்டை வந்தது, யார் லீவு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று எல்லாம். பத்தாம் நாள் தெளிந்தபோது அவர் சந்தோஷப்பட்டாரா என்று இவளால் சொல்ல முடியாது.

போன மாதம் படுக்கையில் விழுந்ததும் அவளை மட்டும் கூப்பிட்டார். "உங்கம்மாவை இறுக்கிக் கட்டி அனுப்பிட்டாங்க. நான் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை கட்டினவன். எவ்வளவு இறுக்கம்னு பாத்தாலே தெரியும். எனக்கு அப்படி வேணாம். குரு கட்டட்டும். அவர் போன பிறகு நீ கொஞ்சம் நெகிழ்த்தி விட்டுரு."

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"அவன் மன்றத்து ஆளு. அவனைச் சங்கடப்படுத்தாதே."

அவள் சரி என்றாள். 

சமையலறையில் பருப்புச் சாக்கின் வாய், கடிதக் கட்டின் நூல், தன் சடை எல்லாவற்றையும் அவிழ்த்து முடித்தபோது எதிர்வீட்டு அக்கா வந்தாள். தையற்காரி. துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூலை முடுக்கெல்லாம் கண்ணை ஓட்டிவிட்டுத்தான் அழுதாள்.

"எல்லாம் பாத்துட்டியா? குடைக்கயிறு?"

"அவுத்துட்டேன்க்கா."

"நல்ல பொண்ணு. இப்பல்லாம் பரவாயில்ல. நாலஞ்சு வருஷமா எந்த வீட்டுலயும் கண்ணாடி சீக்கிரம் தெளிஞ்சிடுது. எல்லாரும் ஒழுங்கா துவைக்கிறாங்க." அக்காவின் குரலில் அவ்வளவு வேலையையும் தானே செய்த பெருமை இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தொட்டியில் தண்ணீர் திறந்துவிடப் போனாள்.

பத்து மணிக்கு அண்ணன் குருவை அழைத்து வந்தான். முழங்கால் வலியோடு படி ஏறுகிறவர், அம்மாவுக்குக் கட்டிய அதே கை. அறைக் கதவு சாத்தப்பட்டது. கட்டும்போது பெண்கள் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே நின்று அவள் ஏழு ஆணையும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுவதைக் கேட்டாள். ஒவ்வொரு ஆணைக்கும் பிறகு சிறு இடைவெளி, நாடா துணியில் உரசுகிற சத்தம். ஏழும் முடிந்து கதவு திறந்தபோது அப்பா தலை முதல் கால் வரை ஒரு மேல்விரிப்புக்குள் போயிருந்தார். சன்னல் கண்ணாடி பால் ஊற்றியது போல மங்கியிருந்தது.

குரு முன்னறையில் உட்கார்ந்து சான்றிதழ் எழுத ஆரம்பித்தார். அண்ணன் பக்கத்தில் நின்று பெயர், வயது, தொழில் சொல்லிக்கொண்டிருந்தான். "கிடங்குத் தொழிலாளி, ஓய்வு" என்று அவன் சொல்வது கேட்டது. அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு போய் குருவுக்கு எதிரே உட்கார்ந்து, தன் இடுப்பு வலியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பேச்சு ஒரு கால்மணி நேரம் தாங்கும்.

அவள் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தாள். மேல்விரிப்பைக் கழுத்திலிருந்து மடக்கினாள். முதல் முடிச்சு தெரிந்தது.  எந்த முனை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற நிதானம் அவளிடம் இல்லை. கைக்கு அகப்பட்ட நீளமான முனையைப் பிடித்து இழுத்தாள். நெகிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். முடிச்சு சுருங்கி நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றது. அது முரண்டு பண்ணுகிறது என்று அடுத்ததற்குப் போனாள். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் இழுத்தாள்.

மூன்றும் இறுகிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த முடிச்சை அவள் பார்த்திருக்கிறாள். பள்ளி விடுமுறைகளில் அண்ணனும் அவளும் கிடங்குக்குப் போவார்கள். அப்பா மூட்டையின் வாயைக் கூட்டிப் பிடித்து ஒரே கையால் கட்டிக் காட்டுவார். அண்ணனுக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. இவளுக்குக் கடைசி வரை வரவில்லை. "குட்டை முனையை இழுத்தா பேசாம விட்டுரும். நெட்டை முனையை இழுத்தே, அப்புறம் ஜென்மத்துக்கும் விடாது" என்று அப்பா சொல்வார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த கிடங்குக்காரர்கள் எல்லாரும் பழசைப் பின்பற்றியவர்கள்.

நாலாவது முடிச்சின் குட்டை முனையைத் தேடிப் பிடித்தாள். தொட்டதுதான் தெரியும், நாடா இரண்டாகப் பிரிந்து அப்பாவின் இரு பக்கமும் விழுந்தது.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். குரு ஏன் அப்பாவின் முடிச்சைப் போட்டார் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. அவிழ இருந்தவரை அவளே இறுக்கிவிட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை அவருடைய பிள்ளை தன் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். வெட்டலாம் என்றால் வெட்டக் கூடாது. வெட்டினால் உயிரும் துண்டாகப் போகும் என்பார்கள். கண்ணாடி அப்படியே மங்கியிருந்தது.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. அக்காவின் இடுப்பு வலி தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

மேல்விரிப்பை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம். நாலாவதை எப்படியாவது ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. வேலை இருக்கும், அண்ணனுக்கும் தலைகுனிவு இல்லை. அப்பா மட்டும் இந்த அறையில் ஒன்பது நாளோ தொண்ணூறு நாளோ கண்ணாடியில் இருப்பார். அவரோடு பேச இப்போது இந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது, அவள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன பேசுவாள், நான்தான் கட்டினேன் என்றா?

கதவு திறந்தது. குருவும் பின்னால் அண்ணனும் நின்றார்கள். அவள் விரிப்பை மூடவில்லை.

"ஐயா, நான்தான் தொட்டேன். நெகிழ்த்தி விடலாம்னு பாத்தேன். மூணு இறுகிப் போச்சு."

அண்ணனின் முகம் வெளுத்தது. குரு கட்டிலருகே வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எந்த முனையை இழுத்தீங்க, டீச்சர்?"

"நெட்டையை."

"ஐயையோ" என்றார் குரு. கோபமாகச் சொல்லவில்லை. பால் பொங்கி வழிந்த அடுப்பைப் பார்ப்பவர் சொல்வது போலச் சொன்னார். "குட்டையைத்தானே இழுக்கணும். இது நம்ம மன்றத்து ஸ்தாபகர் முடிச்சு. வாசப்படி தாண்டும்போது விரிப்புக்கு அடியில கைய விட்டு ஒண்ணொண்ணா நான் அவுத்து விடணும். ஆணை ஏழையும் காப்பாத்தி முடிச்சாச்சு, இனிமே இவரைக் கட்டி வைக்க நமக்கு உரிமை இல்லன்னு அர்த்தம். ஜனங்க கண்ணுல படாம செய்யச் சொல்லியிருக்கு, அதனாலதான் விரிப்பு. அவுத்தது தப்பில்லம்மா. இறுக்கினதுதான் தப்பு."

அவள் அவரையே பார்த்தாள். 

"எப்பலேர்ந்து?"

"எப்பவும் அப்படித்தான். ஸ்தாபகர் காலத்துலேர்ந்து..."

"எங்கம்மாவுக்கு?"

குரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேலாடையில் துடைத்தார். அது அழுக்காகவே இல்லை. "அப்ப எங்களுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுத்திருந்தாங்க" என்றார் கடைசியில்.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறு வருஷத்துக்கு முந்தி சுற்றறிக்கை வந்துச்சு" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான் நகல் எடுத்து எல்லா குருவுக்கும் அனுப்பினேன். முடிச்சுக்குப் படம் போட்டிருந்தாங்க. பாத்ததும் தெரிஞ்சுது, அப்பாவோட முடிச்சுன்னு."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலே? ஆறு வருஷமா அந்த மனுஷன் பயந்து பயந்து..."  அண்ணன்மேல் அத்தனை கோபம் அவளுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை.

"சொன்னா சந்தோஷப்படுவார்னா நினைக்கிறே?" அண்ணன் மெதுவாகத்தான் பேசினான். "இந்தச் சுற்றறிக்கை இன்னும் மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா உங்கம்மா அப்படிக் கெடந்திருக்க மாட்டாளேன்னு கேப்பார். யார் கிட்டடா போய்க் கேக்கறதுன்னு என்னைக் கேப்பார். நான் என்ன சொல்ல? தினமும் சாயங்காலம் சொல்லணும்னுதான் வருவேன். அவரு அந்த சன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பார். திரும்பப் போயிடுவேன்."

 தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அக்கா அதை நிறுத்தப் போகாமல் கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சியைவிட ஏமாற்றம்தான் அதிகமாகத் தெரிந்தது. நாலஞ்சு வருஷத்துத் துவையல் எல்லாம் கணக்கில் வராமல் போய்விட்டது.

குரு குனிந்து முதல் முடிச்சை நகத்தால் நோண்டினார். விரல் மூட்டு வீங்கியவர், பிடிப்பு கிட்டவில்லை. "கத்திரி வெச்சிடலாமா?" என்றார் தயக்கத்தோடு. கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். வெட்டக் கூடாது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்தும் அவருக்கு மனம் வரவில்லை.

அண்ணன் சமையலறைக்குப் போனான். இழுப்பறை திறக்கிற சத்தம், தகரப் பெட்டி நகர்கிற சத்தம். அப்பாவின் கோணி ஊசியோடு திரும்பி வந்தான், முனை மழுங்கிய பழைய ஊசி. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலருகே முழந்தாளிட்டான். ஊசியை முடிச்சின் வயிற்றில் நுழைத்து, இழுக்காமல், உள்ளங்கையால் ஊசியை உருட்டினான். நாலைந்து உருட்டலில் நாடா மூச்சு விட்டது. ஒவ்வொன்றாக மூன்றும் திறந்தன. இருபது வருஷம் பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்திராத கை அது.

"மறுபடி கட்டணுமே" என்றார் குரு.

"நீங்க ஆணையைச் சொல்லுங்க ஐயா. நான் கட்டறேன்."

குரு நாலு ஆணையைச் சொன்னார். அண்ணன் நாலு முடிச்சுப் போட்டான், ஒவ்வொன்றையும் ஒரே கையால். இடது கை அப்பாவின் மார்பின்மேல் இருந்தது. பெண்கள் வெளியே போக வேண்டும் என்று யாருக்கும் நினைவு வரவில்லை.

"சுத்தமா வருதே உங்களுக்கு" என்றார் குரு. "பாடசாலையில ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாங்க எங்க ஆளுங்க. நீங்க எங்க படிச்சீங்க?"

"கிடங்குல."

குருவுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. புரியாதது போல இருந்துவிட்டார். அவ்வளவு வயதானவருக்கு எது தெரிய வேண்டும், எது தெரிய வேண்டாம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. முன்னறைக்குப் போய்ச் சான்றிதழில் மீதிக் கட்டங்களை நிரப்பினார். பழசு ஏதும் காணப்பட்டதா என்ற கேள்விக்கு நேரே இல்லை என்று எழுதி, மைக்கு மேல் ஒரு தடவை ஊதினார்.

பதினொன்றரைக்குத் தூக்கினார்கள். கிடங்கில் அப்பாவோடு வேலை பார்த்த மூன்று பேரும் அண்ணனும் பலகைக்குத் தோள் கொடுத்தார்கள். வாசலில் குரு விரிப்புக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு ஆணைகளை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் விரிப்பு லேசாக அசைந்தது. அவள் எண்ணினாள். ஐந்து, ஆறு. ஏழாவதுக்கு அவளால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"தெளிஞ்சிடுச்சு" என்றாள் அக்கா, மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரலில். "தெரு முனை வரைக்கும் தெரியுது. நீ கெளம்பு. நான் சீலையை அலசிப் போட்டுட்டு வரேன். நனைச்சாச்சு, விட முடியுமா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பா போய்விட்டார். போக வேண்டும் என்றுதான் காலையிலிருந்து அத்தனை பாடும் பட்டாள். போன பிறகு, ஒரு நாளாவது இருந்திருக்கலாமே என்று இருந்தது.

தெருவில் இறங்கினாள். காலையில் தூறியிருந்ததால் கல் ஈரமாக இருந்தது. கடைக்காரர்கள் கதவை ஒருக்களித்து நின்றார்கள். பலகைக்குப் பின்னால் இவள்தான் முதலில் நடந்தாள். இடதுபக்கம் பின்தோள் அண்ணனுடையது. அப்பாவின் பாரத்தில் அவன் கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மன்றத்து ஆள், எப்போதும் இஸ்திரி கலையாதவன். அவன் சப்பாத்துகள் இரண்டின் கயிறுகளும் மேல் துளை வரை முழுசாக அவிழ்ந்து, ஈரக் கல்லின்மேல் நாலு வால்களாக இழுபட்டுக்கொண்டு போயின. காலையில் யாரும் எழுந்திருக்காத நேரத்தில், அவள் நாற்காலியில் ஏறுவதற்கெல்லாம் முன்னால் அவிழ்த்திருக்க வேண்டும். சேறு அவ்வளவு ஏறியிருந்தது. குருவை அழைத்து வர மன்றம் வரை போய் வந்ததும் அப்படியேதான்.

மிதித்துவிடாமல் இருப்பதற்காக அவள் அடியைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள்.